நாலு பூனை, ஒரு கணக்கு நோட்டு

பூனை வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எது யார் மடியில் தூங்கும், எது மீன் வாசனைக்கு முதலில் ஓடிவரும், எது ஃபிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்து வீட்டையே மேற்பார்வை பார்க்கும் என்று போனில் நூறு படங்களைக் காட்டுவார்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அவை எங்கே 'போகின்றன', அதை யார் அள்ளுகிறார்கள் என்பதை.

கொல்லையும் தோட்டமும் இருந்த வீடுகளில் இந்தக் கேள்வியே எழவில்லை. பூனை தானே போகும், மண்ணைப் பறிக்கும், காரியத்தை முடித்து மூடிவிட்டு வரும். வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் திரிந்த காட்டுப்பூனை. வறண்ட நிலத்துப் பிராணி. கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடர்த்தியாக வெளியேற்றும் உடம்பு அதற்கு. வாடை இவ்வளவு தூக்கலாக இருப்பது அதனால்தான்.

இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் மண்ணுக்கு எங்கே போவது? அமெரிக்காவிலேயே ஒரு காலத்தில் பெட்டியில் மணலையோ சாம்பலையோ கொட்டித்தான் வைத்தார்கள். 1947-ல் மிச்சிகன் மாநிலத்தில் எட் லோவ் என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண் பூனைக்காக மணல் கேட்டு வந்தார். அவரோ, ஈரத்தை உறிஞ்சுவதற்காகத் தொழிற்சாலைகளுக்கு விற்றுக்கொண்டிருந்த களிமண் துகள்களைக் கொடுத்தனுப்பினார். அந்தப் பெண் மறுபடியும் அதையே கேட்டு வந்தார். 'கேட் லிட்டர்' என்ற வியாபாரம் அப்படித்தான் பிறந்தது. இன்று கடைகளில் பரவலாகக் கிடைப்பது பென்டோனைட் என்ற களிமண். ஈரம் பட்டதும் ஊறி, உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். உருண்டையை மட்டும் அள்ளிப் போட்டால் போதும்.

அந்த 'அள்ளிப் போட்டால் போதும்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு இரண்டு படுக்கையறை ஃப்ளாட். மாமனார், மாமியார், மகன், மருமகள், நான்கு பூனைகள். கல்யாணமாகி வரும்போதே மருமகள் இரண்டு பூனைகளோடு வந்தாள். பதினொரு வயதுக் கறுப்புப் பூனை மிளகு, அதன் தோழி பிஸ்கட். பிறகு ஒரு மழை நாளில் பார்க்கிங்கில் கத்திக்கொண்டிருந்த ஆரஞ்சு நிறக் குட்டி சுண்டல் ஆனான். நான்காவதாக ஒரு சாம்பல் நிறக் குட்டி வந்து, பெயர் வைப்பதற்குள் 'குட்டிமா' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மாமனாருக்குப் பூனை என்றாலே ஆகாது. கருவூல அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். செலவு எதுவானாலும் விளக்கம் வேண்டும். "மாமா, கடைக்குப் போனா அஞ்சு கிலோ லிட்டர் வாங்கிட்டு வர்றீங்களா?" என்று மருமகள் முதன்முதலில் கேட்டபோது அவர் சொன்ன பதில் அந்த வீட்டில் இன்னும் பிரபலம்: "கிலோவா, லிட்டரா? ஏதாவது ஒண்ணைச் சொல்லும்மா."

தினமும் காலையில் ஆபீஸ் கிளம்பும் முன்பும், இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் அள்ளுவது மருமகளின் வேலை. அவள் எப்போது செய்கிறாள் என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. வாடை வந்ததில்லை, அதனால் கேள்வியும் வந்ததில்லை.

ஆவணியில் அவள் உண்டாகியிருப்பது தெரிந்தது. ஸ்வீட் டப்பாவோடு வந்த சம்பந்தியம்மா சோபாவில் உட்காருவதற்கு முன்பே சொன்னார், "முதல்ல இந்தப் பூனைங்களை எங்கயாவது கொடுத்துடுங்க. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது." மாமியாருக்கும் அதே பயம். மாமனாருக்கோ நல்ல சாக்கு. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அவள் மிளகை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பால்கனியில் உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

அடுத்த செக்கப்புக்கு மாமியாரும் கூடப் போனார். டாக்டர் நிதானமாக விளக்கினார். பயம் முழுக்கப் பொய்யில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வெளிவரலாம். கர்ப்ப காலத்தில் முதல்முறையாக அது தொற்றினால் கருச்சிதைவு வரையோ, குழந்தையின் கண், மூளை பாதிப்பு வரையோ போகலாம். ஆனால், ஒரு பூனை அந்தக் கிருமியை வெளியேற்றுவது பெரும்பாலும் அதன் வாழ்நாளில் முதல்முறை தொற்றும்போது, ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான். வீட்டைவிட்டு வெளியே போகாத, எலி பிடித்துத் தின்னாத, பச்சை இறைச்சி சாப்பிடாத பூனைக்கு அது வர வாய்ப்பு குறைவு. சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்டத்து மண் ஆகியவற்றிலிருந்தும் இதே தொற்று வரும்.

மாமியார் மனதில் பதித்துக்கொண்டது கடைசியாகச் சொன்னதைத்தான். மலத்தில் வெளிவந்த உடனே அந்தக் கிருமி தொற்றாது. அதற்கு ஒன்றிலிருந்து ஐந்து நாட்கள் ஆகும். தினமும் தவறாமல் அள்ளிவிட்டால், அது தொற்றும் நிலைக்கு வருவதற்குள் வீட்டைவிட்டே போய்விடும். "பூனையை அனுப்ப வேண்டாம். அள்ளுற வேலையை மட்டும் வேற யாராவது பாருங்க. வேற ஆளே இல்லைன்னா மட்டும் கையுறை போட்டுக்கிட்டு செஞ்சு, சோப்புப் போட்டுக் கை கழுவணும்" என்றார் டாக்டர்.

'வேற யாராவது' யார்? மகன் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு ஒன்பது மணிக்கு வருபவன். மாமியாருக்கு மூட்டுவலி, குனிய முடியாது. எல்லோருடைய பார்வையும் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தவர் மீது திரும்பியது.

"நானா?" என்றார் மாமனார்.

கையில் கொடுக்கப்பட்ட கரண்டியைப் பார்த்ததுமே அவருக்கு முகம் சுருங்கியது. வடை எடுக்கும் ஜல்லிக்கரண்டி மாதிரியே இருந்தது. ஆனால், ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். முதல் ஞாயிற்றுக்கிழமையே தொட்டிகளைக் காலி செய்து, பினாயில் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வைத்தார். மேலே வாசனை லிட்டர். பக்கத்தில் ஓர் ஊதுவத்தி.

நான்கு பூனைகளும் வந்து பார்த்தன. முகர்ந்தன. திரும்பிப் போயின. அன்று மாலை குளியலறை மிதியடி நனைந்திருந்தது. மறுநாள், மடித்து வைத்த துணி மூட்டை.

"அத்தனை சுத்தமா வெச்சேனே!" என்று அவர் கத்தியதில் நியாயம் இருந்தது. மருமகள் பதறியதற்குக் காரணம் வேறு. பினாயில் மாதிரியான பீனால், பைன் எண்ணெய் கலந்த கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. மனிதர்களின் ஈரல் முறித்து வெளியேற்றும் அந்த வேதிப்பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. காலில் ஒட்டியதை நக்கினாலே போதும். பிளீச்சிங் பவுடரும் கூடாது. சிறுநீரில் இருக்கும் அமோனியாவோடு அது சேர்ந்தால் கிளம்பும் வாயு, கழுவுகிறவரின் நுரையீரலுக்கே கெடுதல்.

அதோடு, நமக்கு 'கமகம' என்பது பூனைக்கு நெடி. அதன் மூக்கு நம் மூக்கைவிடப் பல மடங்கு கூர்மையானது. ரோஜா வாசனை லிட்டரும் ஊதுவத்தியும் நமக்காகத்தானே தவிர, அதற்காக இல்லை. வெந்நீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு கொஞ்சம், நன்றாக அலசி வெயிலில் ஒரு காய்ச்சல். அவ்வளவுதான் தொட்டிக்கு வேண்டிய சுத்தம். வாடை அதிகமென்றால் அடியில் ஒரு கைப்பிடி சமையல் சோடா. நனைந்த மிதியடிக்கும் தரைக்கும், செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்ஸைம் கலந்த திரவம். சாதாரண சோப்பில் நம் மூக்குக்கு வாடை போய்விடும். பூனையின் மூக்குக்குப் போகாது. மறுபடியும் அங்கேயே வந்து நிற்கும்.

அன்று மாலை மாமனார் கடைக்குப் போய் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்தார். பழைய வழக்கப்படி முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, கோடு கிழித்தார். தேதி, காலை, மாலை, சிறுநீர்க் கட்டி எத்தனை, மலம் எத்தனை, குறிப்பு.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "ஏங்க, இதுக்குமா கணக்கு?"

"பெட்டியில வரவு வெச்சா, பற்று எழுதணுமில்ல?"

கணக்கு எழுத ஆரம்பித்த பிறகுதான் அவருக்குச் சில விஷயங்கள் புலப்பட்டன. பால்கனியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொட்டிகள். இடதுபக்கத் தொட்டியில் எப்போதும் கூட்டம், வலதுபக்கம் காலி. வலதுபக்கம் வாஷிங் மெஷினை ஒட்டி இருந்தது. அது சுற்ற ஆரம்பித்தால் ஒரு பூனையும் அந்தப் பக்கம் போகாது. இன்னொன்று, பால்கனி வாசலில் மிளகு கால் நீட்டிப் படுத்துவிட்டால் குட்டிமா உள்ளே போகாமல் ஹாலிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. மிளகு சண்டைக்குப் போவதில்லை, சீறுவதும் இல்லை. வெறுமனே பார்க்கும். கருவூலத்தில் அப்படிப் பார்க்கும் மேலதிகாரி ஒருவரை மாமனாருக்குத் தெரியும்.

பல பூனை இருக்கும் வீட்டில் பாதித் தகராறு இதுதான். எத்தனை பூனையோ அத்தனை தொட்டி, கூடுதலாக இன்னொன்று என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. அந்த வீட்டுக்கு ஐந்து. வரிசையாக அடுக்கினால் ஐந்தும் ஒன்றுதான். வழியை மறித்து ஒரு பூனை படுத்தால் மற்றவற்றுக்கு ஒன்றுமே இல்லை. தனித்தனி இடம் வேண்டும். ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி வேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கூடாது. நமக்குக்கூடத்தான் பிடிக்காது.

இரண்டு படுக்கையறை வீட்டில் ஐந்து தொட்டிக்கு இடமில்லை. நான்கு வைத்தார்கள். பால்கனியில் ஒன்று, குளியலறை மூலையில் ஒன்று, மகன் அறையில் மேஜைக்கு அடியில் ஒன்று, ஷூ ஸ்டாண்டை நகர்த்திவிட்டு வாசல் நடையில் ஒன்று. குறைந்த ஒரு தொட்டிக்கு ஈடாக மதியமும் ஒருமுறை அள்ளுவது என்று மாமனாரே முடிவு செய்தார்.

தொட்டியின் அளவுக்கும் கணக்கு உண்டு. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனை எவ்வளவு நீளமோ, அதில் ஒன்றரை மடங்கு. தூங்கிக்கொண்டிருந்த சுண்டலை அவர் இன்ச் டேப் வைத்து அளந்தார். கடையில் 'பூனைக்கானது' என்று வாங்கிய தொட்டிகள் இரண்டும் சிறியவை. போர்வை போட்டு வைக்கும் அகலமான பிளாஸ்டிக் பெட்டிகள் மலிவாகவும் தோதாகவும் இருந்தன. வயதான மிளகு ஏறி இறங்கச் சிரமப்படாமல் இருக்க, ஒரு பெட்டியின் முன்பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தார். "உனக்கும் மூட்டுவலி, அதுக்கும் மூட்டுவலி" என்று மனைவியிடம் சொன்னபோது குரலில் பழைய எரிச்சல் இல்லை.

இரண்டு அங்குல உயரத்துக்கு வாசனை இல்லாத மண். மழைக் காலத்தில் பால்கனித் தொட்டி சாரலில் நனைந்து சேறாகிவிடாமல் உள்ளே ஒரு தள்ளு. இப்படியே புரட்டாசி போயிற்று. துணி மூட்டை நனையவே இல்லை.

ஐப்பசியில் தீபாவளி. அந்தத் தெருவில் இரண்டு நாள் வெடி. பிஸ்கட்டும் குட்டிமாவும் கட்டிலுக்கு அடியில். சுண்டல் அலமாரிக்கு மேலே ஏறியவன் சாப்பிடக்கூட இறங்கவில்லை. மூன்றாம் நாள் வெடிச்சத்தம் அடங்கியதும் இறங்கி வந்து, நேராக மாமனாரின் வெள்ளை வேட்டி மேல் உட்கார்ந்தான். நாலைந்து சொட்டு.

"வேணும்னே பண்றான் பாருங்க" என்றார் மாமியார். "பயந்ததுக்குப் பழி வாங்கறான்." மகனும் அதையேதான் நினைத்தான். கடிந்துகொள்ளத்தான் மாமனாரும் எழுந்தார். பிறகு என்ன தோன்றியதோ, நோட்டை எடுத்துப் பார்த்தார்.

வழக்கமாக ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து கட்டிகள். எலுமிச்சம்பழ அளவில். நேற்று ஆறு. இன்று காலை இரண்டு. அவற்றுக்கு நடுவே ஒரு ரூபாய்க் காசு அளவில் நாலைந்து பொட்டுகள். எழுதிய அவருக்கே அப்போது அது உறைக்கவில்லை. சுண்டல் மறுபடியும் தொட்டிக்குப் போனான். பறித்தான், உட்கார்ந்தான், முக்கினான், எழுந்தான். மண் காய்ந்தபடியே கிடந்தது. பத்து நிமிடத்தில் அடுத்த தொட்டி. அங்கேயும் அதேதான். ஓரமாகப் போய் அடிவயிற்றை நக்கிக்கொண்டு, இதுவரை கேட்டிராத குரலில் ஒரு கத்தல்.

"இவன் பழி வாங்கலை. இவனுக்கு வரலை" என்றார் மாமனார்.

இரவு ஒன்பதரைக்கு ஆட்டோவில் போனார்கள். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறினார். சிறுநீர்ப்பை கல் மாதிரி இறுகியிருந்தது. ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. நுண்ணிய படிகமோ சளி போன்ற கசிவோ அடைத்துவிட்டால் ஒரு சொட்டுகூட இறங்காது. வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கி இதயத்தைப் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை எடுத்தார்கள். மூன்று நாள் மருத்துவமனை வாசம். வெடிச்சத்தத்தால் வந்த பயமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இனி ஈரமான உணவு, வீட்டில் நாலு இடத்தில் தண்ணீர்.

"எப்போதிலிருந்து சரியாகப் போகவில்லை?" என்று அவர் கேட்டார். மாமனார் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா ஒரு நிமிடம் அதைப் புரட்டிப் பார்த்தார். "இப்படி யாரும் சொன்னதில்லை சார். 'ரெண்டு நாளாவே டல்லா இருக்கு'ன்னுதான் சொல்வாங்க."

பூனை தன் வலியைச் சொல்லாத பிராணி. நோவு வந்தால் மூலையில் போய் ஒளிந்துகொள்ளும். அது நமக்கு எழுதிவைக்கும் ஒரே சீட்டு அந்தத் தொட்டிதான். கட்டி வழக்கத்தைவிடப் பெரிதாகிக்கொண்டே போனால், வயதான பூனைக்குச் சிறுநீரகமோ சர்க்கரையோ பார்க்க வேண்டிய நேரம். சிறுத்துக்கொண்டே போனால், அதுவும் ஆண் பூனையானால், அன்றே ஓட வேண்டும். மலம் இரண்டு நாள் இல்லையென்றாலும், தண்ணீராகப் போனாலும், ரத்தம் தெரிந்தாலும் சேதிதான். நாலு பூனை இருக்கும் வீட்டில் எது யாருடையது என்று தெரியாதே என்பார்கள். மொத்தக் கணக்கு குறையும்போது, யார் அடிக்கடி தொட்டிக்குப் போகிறார் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை அள்ளுகிறவருக்கு இதில் ஒன்றுமே தெரியாது. வாடை மட்டும்தான் தெரியும்.

தொட்டிக்கு வெளியே போகிற பூனைக்குத் திமிர், பழி, பொறாமை என்று நாம் பெயர் வைக்கிறோம். மீன் மார்க்கெட் வாசலில் கொண்டுபோய் விடப்படும் வீட்டுப் பூனைகளில் சில, இந்தக் குற்றச்சாட்டின் பேரிலேயே விடப்பட்டவை. அவற்றில் எத்தனைக்குத் தொட்டி அழுக்காக இருந்ததோ, எத்தனைக்கு வலி இருந்ததோ, யாரும் கணக்கு எழுதவில்லை.

சுண்டல் திரும்பி வந்த பிறகு வீட்டில் ஒரு மாற்றம். மதியம் அள்ளுவது மாமியாரின் பொறுப்பு ஆனது. நீளக் கைப்பிடி வைத்த கரண்டி ஒன்றை மகன் வாங்கிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை தொட்டி கழுவுவது அவன் முறை. நோட்டில் இப்போது மூன்று கையெழுத்து.

அள்ளியதை எங்கே போடுவது என்பதிலும் மாமனார் கறார். கழிவறையில் கொட்டினால் பென்டோனைட் ஊறிக் குழாயையே அடைக்கும். செடிக்கு உரமாகவும் கூடாது, கீரை, காய்கறித் தொட்டி என்றால் கூடவே கூடாது. செய்தித்தாளில் சுற்றி, ஒரு கவருக்குள் இன்னொரு கவர் போட்டு, இறுகக் கட்டி, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பார். குப்பை வண்டிக்கு வரும் அம்மாவிடம், "இது பூனைக் கழிவும்மா, பிரிக்க வேண்டாம்" என்று தினமும் சொல்வார். நம் வீட்டுச் சுத்தம் இன்னொருவர் கையில் அழுக்காகப் போய்ச் சேரக் கூடாது என்பது அவர் கட்சி.

தையில் வளைகாப்பு. வந்திருந்த சம்பந்தியம்மா ஹால் முழுக்க நடந்து பார்த்தார். மூக்கைச் சுருக்கிப் பார்த்தார். "பூனைங்களைக் கொடுத்துட்டீங்களா? வாடையே இல்லையே?" மாமியார் ஒன்றும் சொல்லாமல் அலமாரி மேலே கையைக் காட்டினார். நான்கு ஜோடிக் கண்கள் அங்கிருந்து விருந்தாளிகளை எண்ணிக்கொண்டிருந்தன.

சித்திரையில் பேத்தி பிறந்தாள். மூன்று மாதம் கழித்து, "இனிமே நான் பாத்துக்கறேன் மாமா" என்று மருமகள் கரண்டிக்குக் கை நீட்டினாள். மாமனார் கொடுக்கவில்லை. குழந்தை தவழ ஆரம்பிப்பதற்குள் வாசல் நடைத் தொட்டியைக் கை எட்டாத இடத்துக்கு மாற்ற வேண்டும், அதற்கு ஒரு கதவுத் தடுப்பு அடிக்க ஆசாரியிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அது மூன்றாவது நோட்டு. "காலை அஞ்சு. எல்லாம் நல்ல அளவு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில் அன்றைக்கு எழுத ஒன்றுமில்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கும் நாள்தான் நல்ல நாள்.